மூன்று மாதம் கழித்து

பதுளையில் நாங்கள் எழுதிய நாட்கணிப்பு நூலகம் விரைவில் பயன்பாட்டிலிருந்து நீக்கப்படவுள்ளது. நூலகம் என்றவுடன் அடுக்குகளையும் ஏடுகளையும் நினைக்க வேண்டா. நிரலாளர் பலர்க்கும் தேவைப்படும் கணிப்புகளை ஒருமுறை செவ்வனே எழுதி ஓரிடத்தில் தொகுத்து வைப்பதற்கு எங்கள் தொழிலில் வழங்கும் பெயர் அது. ஒரு திகதியோடு இத்தனை மாதம் சேர்த்தால் எத்திகதி வரும், இரு திகதிகளுக்கு இடைப்பட்ட காலம் எவ்வளவு என்பன போன்ற வினாக்களுக்கு எங்கள் நூலகம் நெடுங்காலம் விடை கூறியது. இப்போது உலகெங்கும் வழங்கும் வேறொரு நூலகம் அதன் இடத்துக்கு வருகிறது. வருவது எங்களுடையதினும் சிறந்தது. அதுபற்றி எனக்கு வருத்தம் இல்லை. களைப்புத்தான் இருக்கிறது.

மாற்றும் பணியை நடத்துபவர் சுதர்சன். பண்டாரவளையைச் சேர்ந்தவர், என்னோடு பல்லாண்டு பணியாற்றியவர், இன்று நிறுவனத்தின் மூத்த நிரலாளர். சென்ற கிழமை தொலைபேசியில் அழைத்தார்.

"சேர், நம்ம லைப்ரரில ஒரு வரி இருக்குல்ல, 'கழித்து'ன்னு வந்தா கூட்டணும்னு. புதுசா வந்த பிள்ளைங்க அதைப் பிழைன்னு நெனச்சுத் திருத்திட்டாங்க. கம்ப்யூட்டரே நிரல் எழுதிக் குடுக்குதே இப்ப, அதுகிட்டயும் கேட்டிருக்காங்க. அதுவும் பிழைதான்னு சொல்லியிருக்கு."

"மேலே ஒரு குறிப்பு எழுதியிருந்தோமே?"

"இருக்கு சேர். 'இதனை மாற்றுமுன் மன்சூர் அவர்களைக் கேட்கவும்'னு. அவரு மௌத்தாகி எவ்வளவு காலம்? யாரைப் போய்க் கேக்கிறது? நீங்க ஒருக்கா எழுதி வச்சிடுங்க."

ஆகவே எழுதுகிறேன். அவ்வரி பிழையன்று. அது ஏன் அவ்வாறு எழுதப்பட்டது என்பதை அறிந்தவர் இருவரே எஞ்சியுள்ளோம். பதிவு செய்யாவிடில், மற்றொரு நூலகத்தில் மற்றொருவர் அதே இடத்தில் கால் இடறுவார். விழுபவர் மட்டும் அவராக இருக்க மாட்டார்.

என் கல்வியைப் பற்றி மிகுதியாகக் கூற எதுவும் இல்லை. தெமோதரைக்கு அண்மையிலுள்ள தோட்டம் ஒன்றில் பிறந்தேன், பதுளையில் படித்தேன், கொழும்பில் நிரலாக்கம் பயின்று திரும்பினேன். கடைவீதியில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இயங்கிய சிறு நிறுவனம் என்னை ஏற்றுக்கொண்டது. ஊவாத் தோட்டங்கள் சிலவற்றின் பணியாளர் விவரங்களைக் கணினியில் ஏற்றிப் பேணுவது எங்கள் தொழில். யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தார், எந்நாள்களில் வந்தார், எப்போது விடுப்பில் இருந்தார், எப்போது ஓய்வு பெறுவார் ஆகிய யாவும் திகதிகளே. மனித வாழ்வு முழுவதையும் திகதிகளாக மாற்றி வைத்திருந்தோம் என்று சொன்னால் மிகையாகாது.

நிறுவனத்தின் தலைவர் மன்சூர். கீழே இருந்த புடவைக்கடை அவர் தமையனாருடையது. மெலிந்த உடல், எப்போதும் வெண்ணிற முழுக்கைச் சட்டை, குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. என் தமிழை வைத்து அவர் எனக்கு இட்ட பெயர் பண்டிதர். அதனைப் பாராட்டாகவும் ஏளனமாகவும் ஒரே தொனியில் சொல்ல அவரால் முடியும்.

திகதியைத் தொடும் எந்தச் செயற்கூறும் அவர் பார்வைக்குச் செல்லாமல் பயன்பாட்டுக்கு வராது. செயற்கூறு என்பது நூலகத்திலுள்ள தனித்தனிக் கணிப்பு. அவர் அதனைத் திரையில் படிக்க மாட்டார். கடையில் வாடிக்கையாளர்க்கு இலவசமாக வழங்கும் நாட்காட்டி, பன்னிரண்டு மாதமும் ஒரே தாளில் அச்சிட்டது, அவர் மேசைக்கு எதிர்ச்சுவரில் தொங்கும். எழுதியவர் எழுந்து சென்று அதன்முன் நிற்க வேண்டும். மற்றொருவர் அச்செயற்கூறு செய்வதை முழு வாக்கியமாக, வாய்விட்டு, நிறுத்தி நிறுத்திப் படிக்க வேண்டும். கேட்கக் கேட்க எழுதியவரின் விரல் நாட்காட்டியில் நகர வேண்டும். விரல் நின்ற இடமும் கணினி தந்த விடையும் ஒன்றானால் மன்சூர் தலையசைப்பார். இல்லையெனில், "போய் எழுதிட்டு வாங்க" என்பார். அவ்வளவே.

தலையசைத்த பின்னும் ஒரு வினா எஞ்சியிருக்கும்.

"பெப்ரவரிக்கு சலாம் செல்லிட்டீங்களா?"

பெப்ரவரி மாதத்துக்கு அச்செயற்கூறைச் செலுத்திப் பார்த்தீர்களா என்பது அதன் பொருள். தொடக்கத்தில் இது விளையாட்டென்றே எண்ணினேன். நாள் என்பது அளவு. கிழமை என்பதும் அளவு. மாதமோ அளவு அன்று. அதன் நீளம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். சனவரி முப்பத்தொன்றோடு ஒரு மாதம் கூட்டினால் வர வேண்டிய நாள் நாட்காட்டியிலேயே இல்லை. பெப்ரவரியின் இறுதி நாளில் நிறுத்துவது என்று உலகிலுள்ள நூலகங்களிற் பல முடிவு செய்துள்ளன. நாங்களும் அவ்வாறே செய்தோம். செய்தபின் வேறொரு தொல்லை எழுந்தது. மார்ச்சு முப்பத்தொன்றிலிருந்து ஒரு மாதம் பின்சென்றால் பெப்ரவரி இருபத்தெட்டு. அங்கிருந்து ஒரு மாதம் முன்வந்தால் மார்ச்சு இருபத்தெட்டு. சென்ற வழியே திரும்பினாலும் புறப்பட்ட இடம் கிட்டுவதில்லை. இதனை மன்சூரிடம் ஒரு பெருங்குறைபாடாக முறையிட்டேன்.

"பண்டிதரே, வாழ்க்கையிலயும் அப்பிடித்தானே? நீங்க என்னத்துக்குக் கம்ப்யூட்டர ஏசுறீங்க?" என்றார்.

அவரிடம் கற்ற மற்றொன்றையும் கூறிவிடுகிறேன். புத்தாண்டு விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்தோம். அவ்விடுமுறைக்குள் நாட்டின் கடிகாரம் அரைமணி பின்னே நகர்த்தப்பட்டிருந்தது. காலையில் திரையைப் பார்த்தால் தோட்டங்களின் பணியாளர் அனைவரும் ஒருநாள் முன்னதாகப் பிறந்திருந்தார்கள். அதுவரை நாங்கள் ஒவ்வொரு திகதியையும் அந்நாளின் நள்ளிரவாகிய ஒரு கணமாகச் சேமித்திருந்தோம். கடிகாரம் பின்னே சென்றதும் நள்ளிரவு முந்தைய நாளின் பதினொன்றரை ஆயிற்று. கணினி தன் கடமையைச் சரியாகவே செய்து, எல்லாரையும் முந்தைய நாளுக்குத் தள்ளிவிட்டது.

"நல்ல வேள, ஒரு நாள்தான்" என்றார் மன்சூர். "ஒரு வருசம் தள்ளியிருந்தா ஒங்களுக்கு இண்டைக்கே பென்சன்."

அன்று முதல் எங்கள் நூலகத்தில் திகதியைக் கணமாகச் சேமிப்பதை விலக்கினோம். பிறந்தநாளுக்கு மணி இல்லை, நிமிடம் இல்லை. அது நாட்காட்டியிலுள்ள ஒரு பெயர் மட்டுமே. பெயரைப் பெயராகவே வைக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். முழுமதி விடுமுறையாகிய போயா நாள்களைக் கணித்துக் காண முயலாமல் அரச வர்த்தமானியில் வந்தபடி ஏற்றுக்கொள்வது என்பதும் அப்போது எடுத்த முடிவே. "எங்கட பெருநாளுக்குப் பிறைய எட்டிப் பாக்கோணும், போயாவுக்குக் கசெட்ட எட்டிப் பாருங்க" என்பது அவர் ஆணை.

நூலகத்தின் செயற்கூறுகளுக்குத் தமிழ்ப் பெயரே இட்டோம். தோட்ட உத்தியோகத்தர் தமிழில் தட்டச்சிடுவதை நிரல் நேரே புரிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். கலைச்சொற்றொகுதியில் உள்ளவாறே முன்செல்லும் கணிப்புக்குக் 'கூட்டு' என்றும், பின்செல்லும் கணிப்புக்குக் 'கழி' என்றும் பெயர்கள் அமைந்தன. பள்ளிக் கணக்கிலே எல்லாரும் பழகிய சொற்கள். ஐயம் எழ இடமே இல்லை என்று கருதினோம்.

இனி அந்நிகழ்வுக்கு வருகிறேன்.

தோட்ட மருந்தகங்களுக்காக ஒரு புதிய பதிவுத்திரை அமைத்தோம். பணியாளர் ஒருவர் நோயுற்று வைத்தியசாலை சென்று வந்தால், அவர் எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று வைத்தியர் எழுதிய துண்டைப் பார்த்து மருந்தக உத்தியோகத்தர் தமிழில் பதிய வேண்டும். 'இரண்டு கிழமைக்குப் பின்', 'ஒரு மாதத்துக்குப் பிறகு' என்று அவரவர் வழக்கப்படி எழுதலாம், திரை புரிந்துகொள்ளும். அவ்வாறு புரிந்துகொள்ளும் பகுதியை எழுதியவர் சுதர்சன். சொற்களின் வேரைக் கண்டு உரிய செயற்கூறுக்கு அனுப்பும் அழகிய வேலைப்பாடு அது. திகதியைத் தொடாத வெறும் சொற்பட்டியல்தானே என்று எண்ணியதால், அதனை நாட்காட்டியின்முன் எவரும் படிக்கவில்லை.

திரை பயன்பாட்டுக்கு வந்து சில மாதங்கள் சென்றபின், ஒரு முற்பகலில், மாடிப்படியில் மெல்ல மெல்ல ஏறிவரும் காலடி கேட்டது. தோட்டத் தலைவர், அதாவது அத்தோட்டத்துத் தொழிற்சங்கத்தின் தலைவர், முன்னே வந்தார். பெயர் சிவலிங்கம். அவர் பின்னே, வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி, நடுவயதுப் பெண் ஒருவர். பெயர் பரமேஸ்வரி.

சிவலிங்கம் வாயிலில் நின்றே கேட்டார்: "கம்ப்யூட்டருக்கு மேல யாருங்க இருக்காங்க?"

எங்களுக்குப் புரியவில்லை.

"தோட்டத்து ஆபீசுல கேட்டா கம்ப்யூட்டரைக் காட்டுறாங்க. அது சொல்லிருச்சாம். சரி, அதுக்கு மேல ஒரு ஆளு இருப்பாருல்ல, அவரைப் பாத்துட்டுப் போவோம்னு வந்தோம்."

"அதுக்கு மேல ஈக்கிறது நாங்கதான்" என்றார் மன்சூர். "உக்காருங்க. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

"தேத்தண்ணி எங்களுக்குப் புதுசாங்க? கொழுந்து எடுத்துக் குடுக்கிறதே நாங்கதான்" என்றார் பரமேஸ்வரி. "பேரை எடுத்துட்டீங்க. மொதல்ல அதக் குடுங்க."

நாற்காலியின் விளிம்பிலேயே அமர்ந்தார், சாய முடியவில்லை. வயிற்றில் அறுவை நடந்திருந்தது. பதுளை வைத்தியசாலையிலிருந்து அனுப்பும்போது, பாரம் சுமக்கவோ மலைச்சரிவில் ஏறவோ கூடாதென்று காலம் குறித்துத் துண்டு கொடுத்திருந்தார்கள். அதனை மருந்தகத்தில் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருந்தார். ஆனால் விடுப்பின்றி வேலைக்கு வராதவர் என்று கணினி அவரைச் சுட்டியது. தோட்ட அலுவலகம் அதனை நம்பிக் கையொப்பமிட்டது. பெயர் வெட்டப்பட்டது. தோட்டத்தில் பெயர் வெட்டுதல் என்றால் வேலை போவது மட்டுமன்று.

"பேரு போனா காம்பராவும் போச்சுங்க ஐயா" என்றார் அவர். தோட்டக் குடியிருப்பு வரிசையாகிய லயத்தில் ஒரு குடும்பம் வாழும் அறைக்குக் காம்பரா என்று பெயர். "இந்த மாசத்துக்குள்ள சாமான் சட்டியெல்லாம் எடுக்கணும்னு கடதாசி வந்திருக்கு. எம்புருசன் கொழும்புல கெடக்குறாரு. ரெண்டு புள்ளைகளையும் வச்சிக்கிட்டு நான் எங்கங்க போறது? நான் என்ன, பொய் சொல்லிட்டு ஊட்ல உக்காந்திருந்தேனா? வயித்தக் கிழிச்சுத் தச்சிருக்காங்க. ஒங்க மிசினுக்கு வயிறு இருந்தா தெரியும்."

சுதர்சன் அவர் பதிவைத் திறந்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு, "பதிவு சரியாத்தான் சேர் இருக்கு. விடுப்பு பெப்ரவரி இருபத்தெட்டோட முடிஞ்சிருக்கு" என்றார்.

"தொடங்கினது?" என்று மன்சூர் கேட்டார்.

"மே மாசம்."

சுதர்சன் மீண்டும் திரையைப் பார்த்தார்.

"மே மாசம் படுத்தவ பெப்ரவரில எழும்பிட்டாவா?" என்றார் மன்சூர்.

"அடுத்த பெப்ரவரியா இருக்குமுங்களோ?" என்றார் சிவலிங்கம்.

"இல்லைங்க. போன பெப்ரவரி" என்றார் சுதர்சன்.

"அப்படின்னா இந்தம்மா ஆபரேசனுக்கு முன்னயே சொகமாகிட்டாங்க" என்று சிவலிங்கம் சிரிக்காமல் கூறினார். பரமேஸ்வரி மட்டும் சிரித்தார். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

விடுப்பு தொடங்குமுன்னரே முடிந்துவிட்டிருந்தது. தொடக்கத்தையும் முடிவையும் ஒருசேரக் காட்டும் இடம் எங்கள் திரையில் இல்லை. தோட்ட அலுவலகத்துக்குச் சென்ற அறிக்கையிலோ முடிவுத் திகதி மட்டுமே இருந்தது. ஆகவே அங்கும் எவர் கண்ணிலும் படவில்லை. எத்தனையோ பேர் பார்த்த பதிவு அது. எல்லாரும் பாதியைப் பார்த்திருந்தார்கள்.

மன்சூர் நிரலைத் திறக்கச் சொல்லவில்லை. சுவரைக் காட்டினார். சுதர்சன் எழுந்து சென்று நாட்காட்டியின்முன் நின்றார்.

"உத்தியோகத்தர் அடிச்சத அப்பிடியே வாசிங்க, பண்டிதரே."

படித்தேன்: "மே மாதம் முப்பத்தோராம் நாளிலிருந்து... மூன்று மாதம் கழித்து... பாரம் சுமக்கலாம்."

சுதர்சனின் விரல் மே மாதத்தின் இறுதிக் கட்டத்தில் ஊன்றியது. கழித்து என்ற சொல்லைக் கேட்டதும் இயல்பாகவே சூனுக்கு நகர்ந்தது, யூலைக்கு வந்தது, ஆகத்து முப்பத்தொன்றில் நின்றது. நின்ற விரலையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எங்களை நோக்காமலே, தாழ்ந்த குரலில் கூறினார்:

"சேர்... கழிச்சுன்னா... நான் கழிச்சே விட்டுட்டேன்."

மூன்று மாதம் கழித்து என்றால் மூன்று மாதம் சென்றபின் என்பது தமிழ் பேசும் எவர்க்கும் தெரியும். சுதர்சன் செவிக்கும் தெரிந்தே இருந்தது. ஆயின் நிரல் எழுதும்போது அவர் பார்த்தது பேச்சை அன்று, வேரை. கூட்டி என்பதன் வேர் கூட்டு. கழித்து என்பதன் வேர் கழி. கழி என்ற பெயரில் ஒரு செயற்கூறு ஆயத்தமாகக் காத்திருந்தது. மூன்று மாதம் பின்னே சென்று மே முப்பத்தொன்று பெப்ரவரி இருபத்தெட்டாயிற்று. மற்ற மருந்தகங்களில் பின், பிறகு என்றே எழுதியிருந்தமையால் பிழை மறைந்து கிடந்தது. இந்த உத்தியோகத்தர் ஒருவரே கழித்து என்று எழுதும் வழக்கமுடையவர். பிறமொழியாளர் ஒருவர் இப்பிழையைச் செய்திருக்க இயலாது. கணக்கையும் தமிழிலேயே கற்ற ஒருவராலேயே இயலும்.

இச்சொல்லைப் பற்றிப் பிற்காலத்தில் நெடிது எண்ணியிருக்கிறேன். கணக்கில் கழித்தால் எண் குறைகிறது. பேச்சில் கழித்தால் நாள் முன்னே செல்கிறது. முரண்போல் தோன்றினும் முரணன்று. பேச்சில் நாம் கழிப்பது திகதியிலிருந்து அன்று; காத்திருப்பிலிருந்து. எஞ்சிய காத்திருப்பு குறையக் குறைய, நாள் முன்னேறுகிறது. கழி என்ற வேர் இரண்டிலும் ஒன்றே. எதிலிருந்து கழிக்கிறோம் என்பதைத்தான் நிரல் கேட்கவில்லை.

மன்சூர் சுதர்சனைக் கடிந்துகொள்ளவில்லை. என்னைப் பார்த்து, "ஒங்கட தமிழ் வேலயக் காட்டிட்டு, பண்டிதரே" என்று மட்டும் கூறினார்.

திருத்தம் செய்ய வேண்டும். சுதர்சன் பதற்றத்தில் விரைந்தார். "இதுல ஆறு மாசம் கூட்டிவிட்டா சரியாயிடும் சேர். மூணு பின்னால போனதுக்கு, மூணு முன்னால வர்றதுக்கு" என்றார். கூட்டினால் ஆகத்து இருபத்தெட்டு வந்தது.

"மூணு நாள்தான் சேர் வித்தியாசம்."

"மூணு நாளா?" என்றார் பரமேஸ்வரி. "எங்க மலையில கூடையை மாட்டிக்கிட்டு ஒரு நாளு ஏறிப் பாருங்க தம்பி. தையலு பிரிஞ்சிச்சுன்னா நீங்களா வந்து தைப்பீங்க?"

சுதர்சன் தலை குனிந்தார். பிழையான திகதியைத் திருத்திச் சரியான திகதியை அடைய முடியாது. முதல் திகதிக்குத் திரும்பிச் சென்று, அங்கிருந்து புதிதாகக் கணிக்க வேண்டும். அவ்வாறே செய்தோம். ஆகத்து முப்பத்தொன்று வந்தது. திரையில் அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை.

வெட்டிய பெயரோ வெட்டியபடியே இருந்தது.

மன்சூர் தோட்ட முகாமையாளரைத் தொலைபேசியில் அழைத்தார். சிங்களத்தில் நடந்த உரையாடல் அது. முகாமையாளர் கொடியவர் அல்லர். பிழை நேர்ந்ததை ஒப்புக்கொண்டு, "புதிய பணியாளராக நாளையே பதிந்துவிடுகிறேன்" என்றார். நானும் சுதர்சனும் மகிழ்ந்தோம். மன்சூர் மகிழவில்லை. புதிய பெயராகப் பதிந்தால் பரமேஸ்வரியின் சேவை அன்றே தொடங்கும். அதுவரை உழைத்த ஆண்டுகள் யாவும் அறுந்துபோகும். பழைய அறைமீது எவ்வுரிமையும் இராது. "வெட்டியதை மறுபடி ஒட்ட வேண்டாம். வெட்டவே இல்லை என்று எழுதுங்கள்" என்றார். அவ்வாறு எழுதக் கணினியில் இடமில்லை என்பது முகாமையாளரின் விடை. அதுவும் உண்மையே. நீக்கிய பெயரை நீக்கவில்லையென ஆக்கும் வழியை நாங்கள் அமைக்கவே இல்லை. தேவைப்படும் என்று எவரும் கருதியதில்லை.

மன்சூர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டார்.

"பண்டிதரே, வெட்டவே இல்லண்டு ஒரு பொத்தான் போட எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"நாளை மாலைக்குள் முடிக்கலாம்."

கையை எடுத்துவிட்டு முகாமையாளரிடம் சிங்களத்தில் ஏதோ கூறினார். அழைப்பைத் துண்டித்தபின் எங்களிடம், "இண்டைக்கு அந்திக்குள்ளண்டு செல்லிட்டேன்" என்றார்.

சிவலிங்கமும் பரமேஸ்வரியும் கீழே கடையின் வாங்கில் அமர்ந்து காத்திருந்தார்கள். நாங்கள் எழுதினோம், ஒவ்வொன்றையும் மன்சூர் வாய்விட்டுப் படிக்கச் செய்தார். நீக்கம் நிகழ்ந்த நாள், நீக்கம் செல்லாதென அறிவித்த நாள், சேவை இடையறாது தொடர்வது என ஒவ்வொரு வாக்கியமும் நாட்காட்டியின்முன் சோதிக்கப்பட்டது. வேறொரு நாளாயின் இத்துணைக் கண்டிப்பு எனக்குச் சினத்தை ஊட்டியிருக்கும். தெமோதரைப் பேருந்துக்கு நேரம் நெருங்கியபோது பொத்தான் இயங்கியது. முகாமையாளர் தம் இடத்திலிருந்து அதனை அழுத்தினார். பரமேஸ்வரியை மேலே அழைத்தோம்.

திரையில் அவர் பெயர் தோன்றியது. பழைய வரிசையில், பழைய எண்ணோடு, சேர்ந்த ஆண்டு மாறாமல். வடமொழி எழுத்தோடு பதிந்திருந்ததைக் கண்ட நான், பழக்கத்தால், பரமேசுவரி என்று திருத்துவதற்காக விசைப்பலகையில் கை வைத்தேன்.

"பண்டிதரே, கைய எடுங்க" என்றார் மன்சூர். "பேரு இப்பதான் திரும்பி வந்தீக்கி."

பரமேஸ்வரி திரையருகே குனிந்து எழுத்துக் கூட்டித் தம் பெயரைப் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"காம்பரா?"

அறையைப் பற்றி எங்கள் நிரலில் ஏதும் இல்லை. அறைகளை எவர்க்கு அளிப்பது என்பதைத் தோட்ட அலுவலகம் தானே எழுதி வைத்துக்கொள்ளும். மன்சூர் மீண்டும் அழைத்தார். பரமேஸ்வரியின் அறை வேறொரு குடும்பத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது என்றும், அவர்களிடமும் கடிதம் உண்டு என்றும், பார்த்து ஏதேனும் செய்வதாகவும் முகாமையாளர் கூறினார். பார்த்து ஏதேனும் செய்வதற்கு நிரலில் பொத்தான் அமைக்க எங்களுக்குத் தெரியவில்லை.

"தலைவர் இருக்காரு, பேசி எடுத்துக் குடுப்பாரு" என்றேன். மலையகத் தமிழ் எனக்குத் தாய்வழி வந்தது. அந்நேரத்தில் வேறு தமிழ் வாயில் வரவில்லை.

"நான் பேசுறேங்க" என்றார் சிவலிங்கம், நிலத்தைப் பார்த்தபடி.

"பேரு இருக்கு, ஊடு இல்ல" என்றார் பரமேஸ்வரி. "பேருக்குள்ளயாங்க ஐயா புள்ளைகளைப் படுக்க வைக்கிறது?"

பேருந்து போய்விடும் என்று சிவலிங்கம் நினைவூட்டினார். ஏறியது போலவே ஒவ்வொரு படியாக இறங்கிச் சென்றார் பரமேஸ்வரி.

மறுநாள் சொற்பட்டியலைத் திருத்தினோம். வேரை நோக்காமல், கழித்து என்று வருமிடத்தில் கூட்டுமாறு வெளிப்படையாக எழுதினோம். பார்ப்பவர் இதனைப் பிழையென எண்ணுவர் என்று அஞ்சியே அக்குறிப்பைச் சேர்த்தோம். அதில் தம் பெயரை இடுமாறு கூறியவர் மன்சூரே. "என்னட்டக் கேட்டா நான் கதைய செல்லுவேன். எழுதி வச்சா ஆரு வாசிக்கிற?" என்றார்.

புதிய நூலகத்துக்கு மாறுவோர்க்கு இவ்வளவே: கூட்டவும் கழிக்கவும் அது நன்கறியும். உங்கள் பயனர் எழுதும் சொல் எத்திசையில் செல்கிறது என்பதை அது அறியாது. அதனை நீங்கள்தான் அறிவிக்க வேண்டும். 'கழித்து' வந்தால் கூட்டுக.

செப்டெம்பர் தொடக்கத்தில் பரமேஸ்வரி பெரட்டில், அதாவது காலையில் வேலைக்குப் பெயர் எடுக்கும் இடத்தில், வந்து நின்றதாகத் திரை காட்டியது. வந்தார் என்பதற்குரிய குறி அவர் பெயருக்கு நேரே விழுந்திருந்தது. அது போதும் என்று இருந்துவிட்டேன். தெமோதரை தொலைவன்று, பேருந்து உண்டு, நான் செல்லவில்லை. வேறு திரைகளும் வேறு பிழைகளும் வந்தன. அடுத்த ஆண்டில் அவர் பெயரை மீண்டும் தேடியபோது, தாமாகவே விலகியவர் என்ற குறிப்பு இருந்தது. அது பிழையாக விழுந்த குறிப்பா, மெய்யா என்று திரையைப் பார்த்து அறிய முடியவில்லை.

பின்னர் இருவர் வாயிலாக இரு செய்தி கேட்டேன். அறையைப் பெற்றிருந்த குடும்பம் வேறு லயத்துக்கு மாறியதும் பழைய அறையை அவர் மீளப் பெற்றார் என்பது ஒன்று. அறை கிடைக்கவே இல்லை, பிள்ளைகளோடு பண்டாரவளைக்குச் சென்று மரக்கறி மொத்தக்கடை ஒன்றில் வேலை செய்கிறார் என்பது மற்றொன்று. சிவலிங்கத்தைக் கேட்கலாம் என்று தேடினேன். அவர் மகளோடு தென்பகுதிக்குச் சென்றுவிட்டதாகக் கூறினார்கள்.

நினைவை நம்பியே இவ்வளவும் எழுதியுள்ளேன். அறுவையின் தன்மையிலும், பேசியவர் சொற்களிலும், நிகழ்ந்த வரிசையிலும் நான் தவறியிருக்கக்கூடும். தொழில் சார்ந்த விளக்கங்களில் குறை கண்டவர் சுதர்சனிடம் அறிவித்தால் போதும். அவர் என்னினும் நன்கறிவார். மேலே கூறிய இரு செய்திகளுள் எது உண்மை என்பதை அறிந்தவர் இருப்பின், அருள்கூர்ந்து எனக்கு எழுதுங்கள். இக்கட்டுரையில் உடனே திருத்த வேண்டிய இடம் அதுவே.